வீடுகள் மேயப்போன மழைக்காலம்

முதல்முதலாக அந்தச் சத்தம் கேட்டபோது இருட்டி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நனைந்த ஜல்லியை ஆட்டுக்கல்லில் போட்டு யாரோ அவசரமே இல்லாமல் ஆட்டுவது போல, நின்று நின்று, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, எங்கள் இடதுபக்கச் சுவருக்குள்ளிருந்து அது வந்தது, பாப்பாவைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்த நான், லூர்தம்மா அக்கா இந்த நேரத்தில் எதை அரைக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். காலையில் கதவைத் திறந்து பார்த்தால் லூர்தம்மா அக்காவின் வீட்டைக் காணோம்.

வீடு இருந்த இடத்தில் ஊரெல்லாம் நனைந்து கிடக்க, நீள்சதுரமாக ஒரு காய்ந்த தரை இருந்தது, அதன் நடுவில் அவள் வீட்டுப் பூனை, அடுப்படி எங்கே இருந்ததோ சரியாக அங்கே, கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. வீடு நானூறு அடி தள்ளி, சர்ச் சரிவில், உபதேசியார் வீட்டுக்கும் மெழுகுவத்திக் கடைக்கும் நடுவில் இடித்துப் பிடித்து நின்று புகை விட்டுக்கொண்டிருந்தது. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடினேன். உள்ளே அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"என்னைக் கேட்டா? நான் படுத்துத்தான் கிடந்தேன், வீடு நடந்திருக்கு. அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன், எங்க இருக்கணும்னு" என்றாள் லூர்தம்மா அக்கா, எங்கள் தெருவின் அன்பியத் தலைவி, வாரம் ஒரு வீட்டில் எல்லோரையும் முழந்தாளில் நிறுத்தி ஜெபமாலை சொல்லவைப்பவள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உன் வீடும் வரும்டி, கவலைப்படாதே, பாதியாவது வரும்" என்றாள்.

அந்தப் பாதி என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை.

எங்கள் நரிமட்டத்தில் ஒரு கடைத்தெருவும் அதைச் சுற்றி மூன்று சரிவுகளும் உண்டு, கோயில் சரிவு, சர்ச் சரிவு, பள்ளிவாசல் சரிவு என்று பெயர், ஆனால் அந்தப் பெயர்கள் கட்டடங்களுக்கே தவிர ஆட்களுக்கு இல்லை; ஏனென்றால் இங்கே எல்லோரும் கீழே பிழைக்க வழியில்லாமல் ஏறி வந்தவர்கள், சேலத்துப் பக்கமிருந்து, கம்பத்துப் பக்கமிருந்து, பிறகு கடலுக்கு அந்தப் பக்கமிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர்கள்; வந்த வேகத்தில் தரை எங்கே சமமாக இருந்ததோ அங்கே சுவர் எழுப்பி, ஒரு சுவரை இரண்டு வீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள், செங்கல் மிச்சம் என்பதால்தான், பிரியத்தால் அல்ல. எங்களுக்கும் லூர்தம்மா அக்காவுக்கும் அப்படி ஒரே சுவர். அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது, அதன் வழியாகத் தீப்பெட்டி போகும், கறிவேப்பிலை வரும், பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் மருந்துப் புட்டி வந்தது. இப்போது அந்தச் சுவரின் மறுபக்கம் வெட்டவெளி. கரி படிந்து, ஆணி அறைந்து, அவள் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெள்ளையாக. ஓட்டை வழியாகக் குளிர்காற்று வந்தது. ஒரு பழைய பாவாடையைச் சுருட்டி அடைத்தேன்.

இந்த ஊரின் இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் இங்கே யாரும் கதவைத் தாழ்போட மாட்டார்கள். மேலே மலை இளகி இறங்கினால் முதலில் அறிந்தவர் "மண்ணு வருது" என்று கத்திக்கொண்டே ஓடி, கண்ணில் பட்ட கதவையெல்லாம் தள்ளி, கையில் அகப்பட்டவரையெல்லாம் வெளியே இழுத்துப் போடுவார், அது யார் வீடு, யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்கமாட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால், நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், லூர்தம்மா அக்கா என்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள், நாங்கள் வாசலைத் தாண்டியதும் பின்பக்க அடுப்படி மண்ணால் நிறைந்தது. அன்றைக்குத்தான் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையை எப்போதும் காதில் வைத்திரு, மண் வருவதற்கு முன்னால் மேலே அது அடைபட்டு, இங்கே சத்தம் நின்றுபோகும் என்று. நான் கன்னியர் மடத்து விடுதியில் பத்து வருடம் வளர்ந்தவள், அங்கே ராத்திரி எட்டு மணிக்கு சிஸ்டர் ஒவ்வொரு கதவாகத் தாழ்போட்டுக்கொண்டு வரும் சத்தம் எனக்கு இன்னும் முதுகில் கேட்கும். அதனால் தாழில்லாத ஊர் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் கதவில் தாழ்ப்பாள் உண்டு, ஆனால் அதன் மேலேயே பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டிருந்தார்கள். இந்த ஊரில் பொய் சொல்லாத மனிதர் ஒருவர்கூட இல்லை, ஆனால் "மண்ணு வருது" என்ற அந்த இரண்டு சொல்லை மட்டும் யாரும் ஒருநாளும் பொய்யாகச் சொன்னதில்லை.

லூர்தம்மா அக்காவின் வீட்டைத் தொடர்ந்து மற்ற வீடுகளும் கிளம்பின. இருட்டியதும் சத்தம் தொடங்கும், விடியும்போது ஐந்தாறு வீடுகள் இடம் மாறியிருக்கும். சர்ச் சந்திலிருந்த தையல்காரர் வீடு செம்பருத்திச் செடியோடு கோயில் சரிவுக்குப் போயிற்று. கோயில் வாசலுக்கு எதிரே முப்பது வருடமாகக் கறி விற்ற ராவுத்தர் வீடு, இத்தனை நாள் யாருக்கும் நாறாத வீடு, பள்ளிவாசல் சரிவுக்குப் போய் நின்ற மறுநாளே, அப்பாடா இப்போதுதான் மூச்சு விட முடிகிறது என்று நான்கு பேர் மூக்கைத் தடவிக்கொண்டார்கள். இரண்டு வீடுகள் கொண்டை ஊசி வளைவில் எதிரெதிராக வந்து, யார் முதலில் ஒதுங்குவது என்று முடிவாகாமல் இரண்டு நாள் நின்றன, பஸ் கண்டக்டர் பயணிகளை இறக்கி ஒரு வீட்டின் முன்வாசல் வழியாகப் புகுந்து பின்வாசல் வழியாக வெளியேறச் சொன்னார், அந்த வீட்டுக்காரி எல்லோருக்கும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும்படி மட்டும் சொன்னாள். மின்சார ஊழியர் கம்பியை நீளமாக விட்டுக் கட்டினார். தபால்காரர் முகவரி பார்ப்பதை விட்டுவிட்டுப் பெயரைப் பார்த்தே சரிவைக் கண்டுபிடித்தார், வேலை சுலபமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. யாரும் வருத்தப்படவும் இல்லை. நாம யாரையும் போகச் சொல்லலையே, வீடுதானே போச்சு என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியத்தை வெற்றிலை மாதிரி மென்று, கடைத்தெருவெங்கும் துப்பி வைத்தார்கள். ஒவ்வொரு சரிவின் வாயிலிலும் பெயர் எழுதிய ஓர் அலங்கார வளைவு எழும்பியது. வீடுகள் நடந்துபோவதைப் பார்த்துப் பயப்படாத ஆட்கள், வளைவில் எழுதிய எழுத்து அடுத்த வளைவின் எழுத்தைவிட அரை அடி சிறியதாகப் போய்விட்டது என்று பதறினார்கள்.

இதற்கு நடுவில்தான் மக்கள்தொகைக் கணக்கெடுக்க சுகுணா டீச்சர் குடையும் பையுமாக வந்தார். எந்தச் சரிவில் தலை அதிகமோ அங்கே புதுத் தண்ணீர்த் தொட்டி கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. எங்கள் வீடு மட்டும் நகராமல், இரண்டு பக்கமும் காலியாக, எல்லாப் பல்லும் விழுந்த வாயில் மிஞ்சிய ஒற்றைப் பல் போல நின்றுகொண்டிருந்தது.

"இந்த வீடு எந்தச் சரிவும்மா?"

"எந்தச் சரிவும் இல்லை டீச்சர். நடுவில."

"நடுவிலன்னு கட்டம் இல்லையே. சரி, மதம்?"

"எனக்கு ஒண்ணு. அவருக்கு ஒண்ணு."

"குழந்தைக்கு?"

"பல்லே இன்னும் முளைக்கலை டீச்சர்."

"பல்லுக்கும் கட்டம் இல்லை" என்றார் சுகுணா டீச்சர், சிரிக்காமல். "பென்சிலால ஒரு கோடு போட்டு வச்சுக்கறேன். வீடு நகர்ந்ததும் சொல்லி அனுப்பு, வியாழக்கிழமை வந்து பேனாவால எழுதிக்கறேன்."

போகிற போக்கில், பாவம், ரகசியமாக வைத்துக்கொள்ளத் தெரியாமல் டீக்கடையில் சொல்லிவிட்டார்: சர்ச் சரிவில் முந்நூற்றுப் பதினொரு பேர், பள்ளிவாசல் சரிவிலும் முந்நூற்றுப் பதினொரு பேர், கோயில் சரிவில் முந்நூறு. என்னை ஒரு பக்கமும் என் கணவர் கமாலை ஒரு பக்கமும் சேர்த்தால் மறுபடியும் சமம். ஆகவே ஏழு மாதமான என் மகள் எந்தப் பக்கம் விழுகிறாளோ அந்தப் பக்கம் தண்ணீர்.

அன்று மாலையிலிருந்து எல்லோருக்கும் என் மகள்மேல் பாசம் வந்தது. சர்ச் சரிவிலிருந்து சிலுவை பின்னிய ஸ்வெட்டர் வந்தது. பள்ளிவாசல் சரிவிலிருந்து தாயத்து வந்தது. கணக்கில் பின்தங்கியிருந்தாலும் கோயில் சரிவு விட்டுக்கொடுக்காமல் வெள்ளி அரைஞாண் அனுப்பியது. மூன்றையும் போட்டுவிட்டுப் பார்த்தேன். குழந்தை குப்புற விழக்கூட முடியாமல் அழுதாள். மூன்றையும் கழற்றினேன்.

அந்த இரவுதான் எங்கள் வீடும் அசைந்தது. பள்ளிவாசல் பக்கம் ஒரு சாண். மறுநாள் இரவு சர்ச் பக்கம் ஒரு சாண். பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டது. இப்படி அங்கும் இங்கும் போய் வந்ததில், தரையின் நடுவே ஒரு வெடிப்பு விட்டது, முதலில் நூலாக, பிறகு விரலாக, அது தொட்டில் தொங்குகிற உத்தரத்துக்கு நேர் கீழே ஓடியது. தேயிலைத் தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு விடியலில் வரும் கமால், எப்போதும் என் பாய்க்குப் பக்கத்தில் பாயை விரிப்பவர், அந்த வாரம் வெடிப்புக்கு அந்தப் பக்கம் விரித்தார்.

"இங்க என்ன, முள்ளா இருக்கு?" என்று கேட்டேன்.

"இல்லை ஜெசி, அங்க ஓட்டை வழியா காத்து வருது." பிறகு, கண்ணை மூடிக்கொண்டே, "பள்ளிவாசல் முத்தவல்லி மாமு சொல்றதும் ஒரு வகையில சரிதான். ஏதாவது ஒரு பக்கமா போய்ட்டா நிம்மதி" என்றார்.

"எந்தப் பக்கமா?"

தூங்கிவிட்டது போல் இருந்தார். ரிஜிஸ்தர் ஆபீஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் பார்த்துக்கலாம் என்று சொன்ன மனிதர், இப்போது கண்ணையே திறக்கவில்லை.

விறகு கொண்டுவரும் மாதியிடம்தான் சிரித்துப் பேச முடிந்தது. மாதி மலையின் மேல்விளிம்பில், காட்டை ஒட்டி இருக்கும் எட்டுக் குடும்பங்களில் ஒருத்தி. நாங்களெல்லாம் ஏறி வருவதற்கு முன்பே இந்த மலையில் இருந்தவர்கள், கணக்கில் மற்றவை என்ற கட்டத்தில் இருப்பவர்கள்.

"எங்களை எண்ண யாரும் ஏறி வரலைக்கா. கீழ நின்னே அண்ணாந்து பாத்து முப்பதுன்னு எழுதிட்டாங்களாம். நாங்க நாப்பத்தொண்ணு. மிச்சம் பதினொரு பேரு எங்க போனாங்கன்னு நேத்துலேர்ந்து தேடிட்டிருக்கோம்" என்று சிரித்தாள்.

"உங்க வீடெல்லாம் நகரலையா மாதி?"

"எதுக்கு நகரணும்? எங்க கதவுக்கெல்லாம் உள்ள குறுக்குக் கட்டை போட்டிருக்கு, ஆனைக்காக. நீங்க ராவெல்லாம் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குறீங்க, வீடு மேயப் போகாம என்ன செய்யும்?"

விறகை இறக்கிவிட்டு, வாசலில் சாக்கு சுற்றி வைத்திருந்த ஒன்றைக் காலால் தட்டி, "இது என்னக்கா கடப்பாரை? தோட்டம் போடப் போறியா?" என்றாள்.

அது முந்தின நாள் பிற்பகலில் வந்தது. மூன்று குடைகள் ஒன்றாக எங்கள் வாசலுக்கு வந்தன: லூர்தம்மா அக்கா, பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி காதர் மொய்தீன் மாமு, கோயில் தர்மகர்த்தா சென்னியப்பன் அண்ணாச்சி. இந்த மூன்று பேரும் ஒன்றாக நின்று நான் பார்த்ததே இல்லை. எட்டாம் வகுப்பில் மத நல்லிணக்கம் பற்றிக் கட்டுரை எழுதி நான் ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி பரிசு வாங்கியிருக்கிறேன். நான் எழுதியது என்னவென்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"என்னம்மா, வீடு இன்னும் யோசிக்குதா?" என்றார் சென்னியப்பன் அண்ணாச்சி.

"கமாலு தூங்குறானா? தூங்கட்டும், எழுப்ப வேணாம். ராத்திரி வேலைக்காரன்" என்றார் முத்தவல்லி மாமு, கரிசனமாக, எட்டிப் பார்த்து. "வெடிப்பு நேரா விழுந்திருக்கு பாருங்க, கோடு போட்டாப்புல."

"ஆமாமா. நாம யாரும் கை வைக்கலை. தானா வந்தது" என்றாள் லூர்தம்மா அக்கா. "லேசா ஒரு நெம்பு நெம்பினா போதும் ஜெசி. உன் பாதி எங்க பக்கம் வந்துடும், அவர் பாதி அவங்க பக்கம் போயிடும். ரெண்டும் தனித்தனியா நிம்மதியா இருக்கும். போக வர இருந்துக்கலாம், யார் வேணாங்கறா?"

"மிஞ்சுற மனை இருக்கில்ல, அது கோயிலுக்குப் போற வழிக்கு ஆச்சு. அதையும் பேசிட்டோம்" என்றார் அண்ணாச்சி.

"உத்தரம் நடுவில வருது. தொட்டில் அதுலதான் தொங்குது" என்றேன் நான். "பாப்பா எந்தப் பாதி?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தங்கள் குடைக்கம்பியைப் பார்த்தார்கள்.

"பிள்ளையை அப்புறம் பேசிக்கலாம்" என்றார் முத்தவல்லி மாமு.

"முதல்ல வீடு முடியட்டும்" என்றாள் லூர்தம்மா அக்கா.

போகும்போது சாக்கு சுற்றிய கடப்பாரையை வாசலில் சாத்தி வைத்தார்கள், மழையில் நனையாமல் இங்கேயே இருக்கட்டும் என்று.

இன்று புதன்கிழமை. டீச்சர் நாளை பேனாவோடு வருவார். ஏழு மணிக்குக் கமால் தொழிற்சாலைக்குக் கிளம்பினார், வாசலில் கடப்பாரையைப் பார்க்காதவர் போலப் பார்த்து, "கதவைச் சும்மா சாத்தி வை ஜெசி, மழை வலுக்குது" என்றார். அவர் வளைவு திரும்பும்வரை பொறுத்திருந்து, காய்கறிக் கத்தியால் தாழ்ப்பாளின் மேலிருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டினேன். பாப்பாவின் உச்சிக்கு வைக்கிற விளக்கெண்ணெயைக் கோழியிறகில் தொட்டு விட்டேன். முன்னும் பின்னும் அசைத்தேன். பாதிவரை வந்தது, அதற்குமேல் நான் தள்ளவில்லை. உண்மையாகவே மண் வந்தால் என்ன செய்வேன், யார் உள்ளே வந்து என் மகளைத் தூக்குவார்கள் என்று நினைத்ததும் கையை எடுத்துக்கொண்டேன். விளக்கைச் சிறிதாக்கி, இந்த நோட்டை எடுத்து, அந்தப் பயத்தை எழுத்தில் போட்டு ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சுவர் ஓட்டையில் அடைத்திருந்த பாவாடை மெல்ல அசைந்து, வெளியே உருவப்பட்டது.

"ஜெசி! மண்ணு வருதுடி! பிள்ளையைத் தூக்கிட்டு ஓடியா!"

லூர்தம்மா அக்காவின் குரல். என்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்ட அதே குரல். உடம்பு தானாக எழுந்தது, கை தானாகத் தொட்டிலுக்குள் போயிற்று, பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு கதவில் கை வைத்தேன், வைத்த பிறகுதான் என் காது விழித்தது. வீட்டுக்குப் பின்னால் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. விடுதியில் விளக்கணைத்த பிறகும் பேச்சை நிறுத்தாத பிள்ளைகளைப் போல, தொடர்ந்து, விடாமல், தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு குடைகள், மூன்றாவது ஓட்டைக்கு அந்தப் பக்கம். குடைகளுக்குப் பின்னால் வேறு சில கால்கள், வேட்டி, கைலி, பேண்ட், ஒரே சேற்றில். வாசலில் சாக்கு மட்டும் கிடந்தது. உள்ளே இருந்ததைக் காணோம். ஆள் இருக்கும் வீட்டில் கை வைக்க அவர்களுக்கு வெட்கம். நாங்கள் வெளியே வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்ததாகிவிடும்.

ஓட்டைக்கு அருகில் போனேன்.

"அக்கா" என்றேன். "ஓடை ஓடுது."

ஓட்டையில் தெரிந்த அவள் விரல்கள் பின்வாங்கின. எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான் என்பது அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"உன் நல்லதுக்குத்தான்டி சொல்றோம்" என்றாள், மெதுவாக.

"மூணு சரிவுக்கும் கேக்குற மாதிரி கத்தினீங்களே அக்கா, பாத்தீங்களா, வேற ஒரு கதவும் திறக்கலை. எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் கத்தியிருக்கீங்க. இனிமே நெசமாவே மண்ணு வந்தா, அதுக்கு என்னன்னு கத்துவீங்க?"

யாரோ ஒருவர், "தொட்டில் பக்கம் வேணாம், அடுப்படிப் பக்கம் நெம்பு" என்றார், மிகவும் மரியாதையான குரலில். வீடு நடுங்கத் தொடங்கியது, ஈ மொய்த்த மாட்டின் தோல் போல, சுவர் சுவராக. வெடிப்பு என் இரண்டு காலுக்கும் நடுவில் வாயைத் திறந்தது. விடிந்து கமால் வந்து தட்டினால், எந்தக் காலை எந்தப் பக்கம் வைத்து நின்று தட்டுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் திறப்பேன் என்று முடிவு செய்துகொண்டேன். பாப்பா அழவில்லை, எண்ணெய் வாசனைக்கு என் விரலைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அந்த விரலை அவளிடமே விட்டுவிட்டு, கதவுக்குத் திரும்பி, இன்னொரு கையின் உள்ளங்கையால், சிஸ்டர் தள்ளுவதைப் பத்து வருடம் கேட்டுக் கேட்டுப் படித்த அதே தள்ளலாக, ஒரே மூச்சில் தள்ளினேன், பச்சைப் பெயிண்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது, படுக்கப்போகும் பசு போல வீடு முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் அசைந்து தன் இடத்திலேயே கால்களை மடக்கிக்கொள்ள, தாழ்ப்பாள் கடைசிவரை போய்த் தன் குழியில் விழுந்தது.